இரண்டாவது தடவை கழி ஊன்றியபோது

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊர் பழவேற்காட்டின் ஏரிக்கரையில் இது நடந்தது. லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தின் பக்கத்தில் படகுத்துறை இருக்கிறதே, அங்கேதான்.

நான் கட்டடப் பொறியியலில் டிப்ளமோ முடித்தவள். அப்போது படகுத்துறையை நீட்டிக் கட்டுவதற்காக ஏரியின் ஆழத்தை அளக்கும் வேலையில் இருந்தேன். அளவு குறித்த மூங்கில் கழியோடு சின்னப் படகில் போய், எந்த இடத்தில் எத்தனை ஆழம் என்று நோட்டில் எழுத வேண்டும். படகைக் கழி ஊன்றித் தள்ள அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதிவிட்டால் எனக்கு மனசு அடங்கிவிடும். கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வா என்றால்கூட நோட்டைத் தேடுவேன் என்று உம்மா கிண்டல் செய்வார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், இந்தப் பெண்ணுக்குப் பதற்றமே வராது என்பார்கள். வராமல் என்ன, வெளியே தெரியாமல் வரும்.

ஏரியில் கையால் எறா, அதாவது இறால், பிடிக்கும் பெண்களை எங்கள் ஊருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் எறாவைப் பிடித்துப் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எறா இருக்கும் இடத்துக்குப் போகவே தண்ணீரில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவர்களில் ஒருத்தி ஆழமான இடத்தில் கால் தவறி மூழ்கப் போய், பறியை விட்டுவிட்டுத் தப்பித்து வந்தாள்.

ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பெண்களுக்கென்று ஒரு ஃபைபர் படகு கொடுத்தது. ஒரே ஒரு படகு. கேட்டது ஐந்து குழு.

ஏரியில் யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். படகுக்கும் சீட்டுப் போட்டார்கள். சீட்டு விழுந்த குழு நான்கு நாள்கூட நிம்மதியாக இல்லை. சீட்டை மடித்தது யார், குலுக்கியது யார், எடுத்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரே பேச்சு. கடைசியில் அந்தக் குழுவே படகைத் தண்ணீரில் இறக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. "கழி போட்டு ஜெயிக்கிறவ எடுத்துக்கட்டும். அப்ப எவளும் வாய் தொறக்க முடியாதில்ல" என்றார்கள். அப்படித்தான் படகுப் போட்டி வந்தது.

போட்டி விதிகளை எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஏழு விதிகள் எழுதினேன். கழி எவ்வளவு நீளம், கொடிக்கம்பை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், இன்னொரு படகை இடித்தால் என்ன, படகுக்கு இரண்டு பேர், இரண்டு பேரும் படகோடு கரை சேர வேண்டும். எல்லாம் யோசித்தாயிற்று என்று நினைத்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு குழுவில் கழி போட வேண்டிய இருவரில் ஒருத்தியின் உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்திவிட்டது. கை பூரி மாதிரி உப்பிவிட்டது. டச்சுக் கல்லறைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து நான் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஜோடியில் இன்னொருத்தி என்னைத் தேடி வந்தாள். என் வயதுதான் இருக்கும், இரண்டு குழந்தைகள். தினமும் ஏரியில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பழக்கம்.

"மேடம், ஞாயித்துக்கிழம நீ வந்துடு" என்றாள்.

"எதுக்கு?"

"கழி போட."

"நானா?"

"கழி போடத் தெரிஞ்சவ எல்லாம் வேற வேற குழுல கீறாளுங்க. மிச்சம் இருக்கிறது நீதான்."

இதைவிட மரியாதையாக யாரும் என்னைப் போட்டிக்கு அழைத்திருக்க முடியாது. மற்ற குழுக்களிடம் கேட்டோம். ஆபீஸ் பெண்தானே, வரட்டும் என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பிலேயே நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். நான் தோற்றால் எனக்கு ஒன்றுமில்லை, திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போவேன். இவளும் இவள் குழுவில் உள்ள ஐந்து பேரும்தான் மறுபடி முக்கால் மணி நேரம் தண்ணீரில் நடப்பார்கள்.

புதுக் கட்டடத்தை ஒப்படைக்கும் முன்னால் நாங்கள் பழுதுப் பட்டியல் போடுவோம். கதவு உரசுகிறது, குழாய் ஒழுகுகிறது என்று எழுதி, எதிரில் அதைச் சரிசெய்யும் வழியை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் உடம்புக்கே ஒரு பழுதுப் பட்டியல் போட்டேன். கை நடுக்கம். நெஞ்சு படபடப்பு. வாய் வறட்சி. வயிற்றில் பிசைவு. ஒரே நினைப்பு. எதிரில், மூச்சை இழுத்து விடு, நூறு வரை எண்ணு, தண்ணீர் குடி, அமைதியாக இரு என்று எழுதினேன். கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்துவிட்டேன். ஒரு பழுதும் சரியாகவில்லை. போதாததற்கு, அமைதியாக இருக்க முடியவில்லையே என்று ஆறாவதாக ஒரு கவலை சேர்ந்துகொண்டது.

போகும் வழியையும் நான் ஆழப் பட்டியல் பார்த்தே முடிவு செய்திருந்தேன். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. அதை நான்கு நாள் முன்புதான் ஊரார் கூடி வெட்டித் திறந்திருந்தார்கள். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கி, மட்டம் ஒரு சாண் குறைந்திருந்தது. நான் விவரமாக என் நோட்டில் இருந்த எல்லா ஆழத்திலும் ஒரு சாண் கழித்துப் பார்த்தேன். அப்படியும் கொடிக்கம்புக்கு நேராகப் போக ஒரு வழி இருந்தது. மற்றவர்கள் வளைந்து ஆழமான பக்கமாகப் போவார்கள், நாம் நேராகப் போகலாம் என்று ஜோடியிடம் சொன்னேன்.

"அங்க திட்டு வுழுந்திருக்கும் மேடம்."

"அளந்துதான் சொல்றேன்."

"நீ தண்ணிய அளந்த. தரை நவுந்துச்சுன்னா?"

நான் நோட்டைக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தோளைக் குலுக்கிக்கொண்டு படகில் ஏறினாள்.

எங்கள் ஊர்ப் பள்ளி விளையாட்டு ஆசிரியர்தான் நடுவர். விசில் ஊதினார். இரவல் வாங்கிய ஐந்து படகும் கிளம்பின. பாலத்தின் மேல் நின்ற கூட்டம் கத்தியது எனக்குப் பஞ்சுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. அமைதியாக இரு, அமைதியாக இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததில், தோள் இரண்டும் கட்டை மாதிரி இறுகிவிட்டன. பின்னாலிருந்து அவள், "எந்தப் பக்கம் மேடம்? மேடம், எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். கையால் நேராகக் காட்டினேன். பாதி தூரம் போயிருப்போம், சரக்கென்று படகு நின்றுவிட்டது. என் பட்டியலில் இடுப்பளவு ஆழம் என்று இருந்த இடத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். முகத்துவாரம் திறந்த வேகத்தில் சேறு இழுபட்டு வந்து அங்கே திட்டாகப் படிந்திருக்கிறது. அவள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

அவள் தொப்பென்று தண்ணீரில் குதித்து, "எறங்கு" என்றாள். குதித்தேன். இரண்டு பேரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினோம். ஓடினோம் என்றால் அவள் ஓடினாள், என்னைப் படகு இழுத்துக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றில் நடக்கிறவள், தார் ரோட்டில் ஓடுவது மாதிரி ஓடினாள். திட்டைத் தாண்டி ஏறி, கொடிக்கம்பைச் சுற்றி, திரும்பியும் அதே திட்டில் இறங்கித் தள்ளி, கரைக்கு வந்து பார்த்தால் நாங்கள்தான் முதல். மற்றவர்கள் இன்னும் வளைவில் வந்துகொண்டிருந்தார்கள்.

அவளுடைய குழுப் பெண்கள் ஓடி வந்து எங்களைத் தூக்கினார்கள். அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிஷம் இருந்தது. இரண்டாவதாக வந்தது சுண்ணாம்புக்குளத்துப் பக்கமிருந்து வந்த அக்காவும் தங்கையும். கரை தொட்டதும் அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"இது படகுப் போட்டியா, ஓட்டப் போட்டியா? சட்டம் எழுதினதும் நீ, சட்டத்துல ஓட்ட வெச்சதும் நீ, அந்த ஓட்டைல பூந்து வந்ததும் நீ."

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்று முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஆசிரியர் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து ஏழு விதிகளையும் சத்தமாகப் படித்தார். படகிலிருந்து இறங்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. படகில் போகிறவர்கள் ஏன் இறங்கப் போகிறார்கள் என்று நான் அதை எழுதவே இல்லை. "விதிப்படி இவங்க ஜெயிச்சதுதான். நீ இன்னாம்மா சொல்ற?" என்று என்னைக் கேட்டார்.

அத்தனை கண்களும் என் மேல். காலையில் எழுதிய ஐந்து பழுதுகளும் ஒன்றாக வந்தன. "நான் வேணும்னு ஓட்டை வைக்கல. வேணும்னு இறங்கவும் இல்ல. நான் தப்பா வழி சொன்னேன், படகு தரை தட்டிடுச்சு. இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்று சொன்னேன். மறுபடி போட்டி வைக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்க அது என் படகு இல்லையே. அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் புடவையைப் பிழிந்துகொண்டே, "திரும்ப வுடலாம் சார்" என்றாள். அவளுடைய குழுவில் ஒருத்தி, "ஏய், பைத்தியமாடி உனக்கு" என்று அவள் தோளில் அடித்தாள். "தெனம் அந்தப் படகுல போம்போது ஓட்டைல வந்த படகு, ஓட்டைல வந்த படகுன்னு சொல்லுவாளுங்க. ஓட்டப் படகுல எவ ஏறுவா?" என்றாள் இவள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அந்த அக்கா உட்பட. எட்டாவது விதியை ஆசிரியர் தன் பேனாவாலேயே எழுதினார். யாரும் படகை விட்டு இறங்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்து மறுபடி போட்டி.

அந்த அரை மணி நேரம்தான் என் வாழ்க்கையில் நான் மறக்காதது.

ஈர உடையில் தைமாசக் காற்று அடித்தது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் மறைவில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கையில் டீ கிளாஸ். என் கிளாஸ் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. குளிரா பயமா என்று எனக்கே தெரியவில்லை. "என் கை நிக்கவே மாட்டேங்குது. என்னால உங்க படகு போயிடும்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள். என்னுடையதைவிட வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் பயமா?"

"பயமோ இன்னாவோ. ஆடுது, அவ்ளோதான். ஆடுறப்ப தான் கை வேல செய்யும். மார்கழில தண்ணில எறங்குனா இப்புடித்தான் ஆடும். ஆடுற வரைக்கும் எறா கைல தட்டும். ஆட்டம் நின்னு போச்சுன்னா மரத்துப் போச்சுன்னு அர்த்தம். அப்ப கரையேறிடணும். எறா கைமேல ஏறி ஒக்காந்தாக்கூட தெரியாது." பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நீ காலைல இன்னாத்துக்கு மூச்ச மூச்ச இழுத்து வுட்டுக்கினு இருந்த? வலிப்பு வந்துடுச்சோன்னு பாத்தேன்" என்றாள்.

எனக்குப் புத்தி சொல்லவென்று அவள் அதைச் சொல்லவில்லை. தன் வேலையைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். காலைப் பட்டியலை மறுபடி படித்தேன். கை நடுக்கம், படபடப்பு, வறட்சி, பிசைவு, ஒரே நினைப்பு. டிப்ளமோ ரிசல்ட்டில் என் நம்பரைக் கண்டுபிடித்தபோது இதெல்லாம் இருந்ததே? முதல் தடவையாக நானே அளந்து கொடுத்த மட்டத்தில் கான்கிரீட் கொட்டியதைப் பார்த்தபோது? அன்றைக்கும் கை நடுங்கியது, வாய் காய்ந்தது, வேறு நினைப்பே இல்லை. அன்றைக்கு நான் அதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கும் இன்றைக்கும் உடம்பு ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. நான்தான் இன்றைக்குத் தப்பான தலைப்புப் போட்டிருக்கிறேன்.

பென்சிலை எடுத்து, 'பழுதுகள்' என்பதை அடித்துவிட்டு மேலே 'கையிருப்பு' என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. எதிரில் எழுதியிருந்த வழிகளையும் அடித்தேன்.

"இன்னா எழுதுற?" என்று எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது. "நம்மகிட்ட என்னென்ன இருக்குன்னு பாத்தேன். நிறைய இருக்கு" என்றேன். "அப்ப எழுந்திரு" என்றாள்.

இரண்டாவது விசில். என்ன சொல்ல, அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு ஏரி தெரிந்தது. தண்ணீரில் வெயில் துண்டு துண்டாக உடைவது தெரிந்தது. பாலத்தின் மேலிருந்து யாரோ, "ஏ ஆபீசு, எறங்கிடாத" என்று கத்தியது தெளிவாகக் கேட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அடி, நன்றாக அடி என்று விட்டுவிட்டேன். பாதையை அவளிடம் விட்டேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அவள் "சோத்துக்கை, சோத்துக்கை" என்பாள். நான் கழியை வலப்பக்கம் ஊன்றுவேன். "பீச்சாங்கை" என்பாள். இடப்பக்கம். நான் சத்தமாக எண்ணினேன். ஒன்று என்றால் இரண்டு கழியும் சேற்றில் இறங்கும், இரண்டு என்றால் படகு பாயும். காலையில் என்னை அமைதிப்படுத்த எண்ணிய அதே எண்கள், இப்போது படகைத் தள்ளின.

கொடிக்கம்பில் மூன்று படகுகள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. அக்காவும் தங்கையும் உள்பக்கம், நாங்கள் வெளிப்பக்கம். எட்டாவது விதியை மறக்காமல் தங்கை என்னைப் பார்த்து, "குதிக்கிறியா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பந்தயத்தின் நடுவில் நான் சிரித்தேன் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. என் ஜோடி பின்பக்கம் கழியைச் சேற்றில் ஆழமாகக் குத்தி, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். படகு அந்தக் கழியைச் சுற்றிப் பம்பரம் மாதிரி திரும்பியது. நான் விழாமல் இருந்ததே பெரிய விஷயம். நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாவது படகு பின்தங்கிவிட்டது; எங்கள் இரண்டு படகும் பக்கத்துக்குப் பக்கம், முன்னால் கரை.

திரும்பி வந்த அந்தத் தூரம் முழுக்க யார் முன்னால் என்று தெரியவில்லை. கை எரிந்தது. எண்ணிக்கை எங்கேயோ போய், வெறும் "ஏ, ஏ" என்ற சத்தம்தான் என் வாயிலிருந்து வந்தது. முடிந்துவிடப் போகிறதே என்றுகூட ஒரு நொடி தோன்றியது. காலையில் எப்போது முடியும் என்று கிடந்தவளுக்கு.

கரையில் ஆசிரியர் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார். எழுந்து, ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல், எங்கள் படகின் மேல் கையை வைத்தார். ஒரு முழ வித்தியாசம் என்றார். அந்த அக்கா மூச்சு வாங்கியபடி என் பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தாள். "இந்த வாட்டி ஓட்ட இல்ல. போ, எடுத்துக்கோ" என்றாள்.

பரிசுப் படகு கரையில் தென்னை மட்டைகளின் மேல் நின்றிருந்தது. இன்னும் தண்ணீரே படாத படகு. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது என் ஜோடி அதில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஏறி இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். குழுப் பெண்கள் தள்ளலாமா என்று கேட்டார்கள். "இரு" என்றாள். மறுபடி கேட்டார்கள். "இருங்களேன், சித்த நேரம்" என்றாள். யாரும் எங்கேயும் போகாத அந்தப் படகில், மடியில் கையை வைத்துக்கொண்டு, எதிரே ஏரியைப் பார்த்தபடி அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள் வந்துவிட்டன. துறைத் தேர்வு, நேர்முகம், பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் என் வரைபடத்தை நானே விளக்கிச் சொன்ன நாள். ஒவ்வொரு தடவையும் கை நடுங்கத்தான் செய்கிறது, நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. வந்துவிட்டாயா, வா, போகலாம் என்று அதையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். ஒருநாள் அது வராமல் போனால்தான், இது எனக்கு அவ்வளவாக வேண்டாம் போலிருக்கிறதே என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.